கான்ஃபிக் ஃபைலில் இல்லாத வரி

வாய்ஸ் கேட்வே வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற விஷயம் கான்ஃபிக் பேக்கப் எடுப்பது. ஒரு கமாண்ட் அடித்து, திரையில் ஓடுகிற எழுத்தையெல்லாம் ஒரு ஃபைலில் பிடித்து, பெயரோடு தேதியைச் சேர்த்து ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டு, "அண்ணா, கான்ஃபிக் எடுத்து வெச்சிட்டேன், இனிமே கவலை இல்ல" என்பார்கள். எனக்குக் கவலை அங்கேதான் ஆரம்பிக்கும். ஃபைலில் இருக்கிற வரியைப் பற்றிப் பெரிய பயம் கிடையாது. கண்ணுக்குத் தெரிகிறது, தப்பாக இருந்தால் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். என்னை நடுராத்திரியில் எழுப்பியதெல்லாம் பெரும்பாலும் ஃபைலில் இல்லாத வரிகள்தான்.

கேட்வே என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு நாலு வரி. ஆபீஸில் இருக்கிற ஐபி ஃபோன்கள் எல்லாம் நெட்வொர்க்கில் பாக்கெட்டாகப் பேசுகின்றன. டெலிஃபோன் கம்பெனியிடமிருந்து வருவதோ பி.ஆர்.ஐ லைன். ஈ-1 என்கிற 2.048 மெகாபிட் குழாய் அது. அதில் 32 இடங்கள். ஒன்று நேரத்தை ஒத்திசைக்க, இன்னொன்று சிக்னலிங்குக்கு, மிச்சம் 30-ல் 30 பேர் ஒரே நேரத்தில் பேசலாம். இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிற பெட்டிதான் கேட்வே. எந்த நம்பர் அடித்தால் எந்தப் பக்கம் போகவேண்டும், குரலை பிட்டாக்க எந்த கோடெக், முன்னால் என்ன இலக்கத்தைச் சேர்ப்பது, எதை வெட்டுவது, எல்லாம் அதன் கான்ஃபிக்கில் இருக்கும். இப்போது பல இடங்களில் பி.ஆர்.ஐ போய் எஸ்.ஐ.பி ட்ரங்க் வந்துவிட்டது. பெட்டியும் கான்ஃபிக்கும் போகவில்லை.

முதல் சிக்கல், கான்ஃபிக் என்பது ஒன்று கிடையாது, இரண்டு. சிஸ்கோ கேட்வேயில் இப்போது ஓடிக்கொண்டிருப்பது ரன்னிங் கான்ஃபிக். அது ரேமில் இருக்கிறது. அடுத்த முறை பெட்டி எழுந்திருக்கும்போது படிக்கப்போவது ஸ்டார்ட்டப் கான்ஃபிக், அது என்.வி.ரேமில் இருக்கிறது. நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு கமாண்டும் அந்த நொடியே ரன்னிங்கில் ஏறி வேலை செய்யத் தொடங்கிவிடும். ஸ்டார்ட்டப்பில் ஏறவேண்டுமென்றால் தனியாக 'ரைட் மெமரி' அடிக்கவேண்டும். ஆடியோகோட்ஸ் பெட்டிகளிலும் இதே கதைதான். வெப் பக்கத்தில் மாற்றியதை ஃபிளாஷில் 'பர்ன்' செய்யாவிட்டால் ரீசெட்டில் போய்விடும்.

சேவ் பண்ண மறப்பது எல்லாருக்கும் தெரிந்த தப்பு என்பதால் அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் இந்தத் தப்பு உடனே வெளியே வராது, அதுதான் இதன் குணம். ஒரு புது கிளைக்கு ரூட் சேர்த்தோம், வேலை செய்தது, எல்லாரும் டீ குடிக்கப் போனோம். பெட்டி மாதக்கணக்கில் அணையாமல் ஓடுகிறது. ஒரு நாள் யூ.பி.எஸ் பேட்டரி மாற்ற வருகிறார்கள், பவர் போய் வருகிறது, அந்தக் கிளைக்கு மட்டும் ஃபோன் போகவில்லை. அன்றைக்கு ஷிஃப்டில் இருப்பவருக்கு அந்த ரூட்டைச் சேர்த்தது யார் என்றே தெரியாது. "நாங்க எதுவும் பண்ணலையே, பேட்டரிதானே மாத்தினோம்" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. அப்டைம் ரொம்ப நீளமாக இருக்கிற பெட்டியைப் பார்த்தால் சிலர் பெருமைப்படுவார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கும். ரன்னிங்குக்கும் ஸ்டார்ட்டப்புக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டுகிற கமாண்ட் சிஸ்கோவிலேயே இருக்கிறது. அதைத் தினமும் ஒரு ஸ்கிரிப்ட்டில் ஓடவிட்டால் போதும்.

இரண்டாவது விஷயத்தில் கொஞ்சம் நேரம் செலவிடலாம். டீஃபால்ட்.

சிஸ்கோவில் 'டயல் பியர்' என்று ஒரு பகுதி. இன்ன நம்பருக்கு இன்ன வழி என்று சொல்வது. சிஸ்கோ பெட்டிகளின் இயங்குதளமான ஐ.ஓ.எஸ்ஸின் பழைய வெர்ஷன்களில் ஒரு வி.ஓ.ஐ.பி டயல் பியரைத் திறந்து, நம்பரும் எதிர்ப்பக்க ஐபி முகவரியும் மட்டும் எழுதினால், ஃபைலில் மூன்றே வரி தெரியும். ஆனால் பெட்டி தன் பாட்டுக்கு இன்னும் பல முடிவுகளை எடுத்திருக்கும். புரோட்டோகால் எஸ்.ஐ.பி என்று நீங்கள் எழுதவில்லையா, அப்படியானால் எச்.323. கோடெக் எழுதவில்லையா, ஜி.729. யாரும் பேசாத நேரத்தில் பாக்கெட் அனுப்பாமல் மிச்சம் பிடிக்கிற வி.ஏ.டி தானாகவே ஆன். இவை எதுவும் ஃபைலில் தெரியாது, ஏனென்றால் டீஃபால்ட் மதிப்பை ஐ.ஓ.எஸ் பொதுவாகக் காட்டாது. கல்யாணச் சமையல்காரர் எழுதிக்கொடுக்கிற மளிகை லிஸ்ட்டில் தண்ணீர் இருக்காதே, அந்த மாதிரி. தண்ணீர் வராத மண்டபத்தில்தான் லிஸ்ட்டில் அது இல்லை என்பது தெரியவரும்.

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் 'தமிழுக்கு 1-ஐ அழுத்தவும்'. ஃபோன் பட்டனை அழுத்தினால் எழும் டோன், இரண்டு அதிர்வெண் கலந்த சத்தம். ஜி.711 கோடெக்கில், 64 கிலோபிட்டில், அந்தச் சத்தம் அப்படியே போய்ச் சேரும். ஜி.729 வெறும் 8 கிலோபிட்டில் மனிதக் குரலைக் கடத்துவதற்காகச் செய்தது. குரல் மாதிரி இல்லாத எதையும் அது பிசைந்துவிடும். அதனால் டோனை ஒலியாக அனுப்பாமல் '1 அழுத்தப்பட்டது' என்று தனிச் செய்தியாக அனுப்ப ஒரு வழி செய்தார்கள். 2000-இல் வந்த ஆர்.எஃப்.சி 2833, பிறகு 2006-இல் அதன் இடத்தில் 4733. கேட்வேயில் இதற்கு ஒரே ஒரு வரி எழுதவேண்டும். எழுதாவிட்டால் டோன் ஒலியாகவே போகும். கால் போகும், இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்கும், டெஸ்ட் பண்ணின ஆள் "ஹலோ, ஹலோ, ஓகே" என்று டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார். மறுநாள் அக்கவுன்ட்ஸிலிருந்து ஒரு அம்மா கூப்பிடுவார்: "பேங்குக்கு அடிச்சா 1 அழுத்து 1 அழுத்துன்னு சொல்லிக்கிட்டே இருக்கான் சார், அழுத்தினா காதுல வாங்க மாட்டேங்கிறான்." பேங்கின் ஐ.வி.ஆரில், அதாவது '1-ஐ அழுத்தவும்' சொல்கிற தானியங்கியில், கோளாறு என்று டிக்கெட் போட்டு அதை ஒரு வாரம் துரத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இல்லாத வரியை ஃபைலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

'ஷோ ரன்' கமாண்டோடு 'ஆல்' சேர்த்து அடித்தால் டீஃபால்ட்களையும் சேர்த்துக் காட்டும். ஃபைல் பல மடங்கு நீண்டுவிடும், யாரும் உட்கார்ந்து படிக்க முடியாது. ஆனால் படிப்பதற்காக அதை எடுக்கச் சொல்லவில்லை. பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். புதுப் பெட்டி, புது வெர்ஷன் எதற்குப் போனாலும் முன்னும் பின்னும் ஒன்று எடுத்து வையுங்கள்.

பழைய பேக்கப்பைத் திரும்ப ஏற்றும்போது, அதில் இல்லாத வரிக்கு என்ன அர்த்தம் என்று பெட்டி எடுத்துக்கொள்ளும்?

சிஸ்கோவில் ஒரு ஃபைலை ரன்னிங் கான்ஃபிக்குக்குக் காப்பி செய்தால் அது கலக்கும், மாற்றாது. ஃபைலில் உள்ள வரிகள் ஏறும். பெட்டியில் ஏற்கெனவே இருந்து ஃபைலில் இல்லாத வரி அப்படியே உட்கார்ந்திருக்கும். நேற்று யாரோ தப்பாக ஒரு டயல் பியர் சேர்த்தார், இன்று காலை பழைய பேக்கப்பை ஏற்றிவிட்டோம், ஆனாலும் கால் தப்பான வழியில்தான் போகிறது என்றால் காரணம் இதுதான். உண்மையிலேயே பழைய நிலைக்குத் திரும்ப 'கான்ஃபிகர் ரீப்ளேஸ்' என்று வேறு கமாண்ட். ஆடியோகோட்ஸிலோ நேர் எதிர். முழு ஐ.என்.ஐ ஃபைலாக ஏற்றினால், அதில் இல்லாத பாராமீட்டர் எல்லாம் தொழிற்சாலை மதிப்புக்குத் திரும்பிவிடும். இரண்டே வரி மாற்றவேண்டும் என்று இரண்டு வரி மட்டும் உள்ள ஃபைலை முழு ஃபைல் ஏற்றும் இடத்தில் போட்டால், அந்த இரண்டைத் தவிர மற்றதெல்லாம் போய்விடும். அதற்கென்றே 'இன்க்ரிமென்டல்' என்று தனி வழி வைத்திருக்கிறார்கள். ஒரே ரேக்கில் மேலும் கீழும் இருக்கிற இரண்டு பெட்டிகள். ஒன்றுக்கு இல்லாத வரி என்றால் 'தொடாதே', இன்னொன்றுக்கு 'அழித்துவிடு'.

மூன்றாவதாக ஓர் அர்த்தமும் உண்டு. அதற்கு ஒரு நாடே சாட்சி. 2016 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவில் லெவல் 3 என்கிற பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பில் கால்கள் போகாமல் நின்றன. அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.சி விசாரித்து 2018-இல் அறிக்கை வெளியிட்டது. நடந்தது இவ்வளவுதான்: தொல்லை கொடுக்கிற எண்களைத் தடுப்பதற்காக ஒரு டெக்னீஷியன் மேலாண்மை மென்பொருளில் பதிவு போடுகிறார். தடுக்கவேண்டிய எண்ணை எழுதும் கட்டம் காலியாக விடப்படுகிறது. காலிக் கட்டத்தை மென்பொருள் 'எதுவும் இல்லை' என்று எடுத்துக்கொள்ளவில்லை. 'எதுவானாலும்' என்று எடுத்துக்கொண்டது. 84 நிமிடம். ஏறக்குறைய 11 கோடியே 10 லட்சம் கால்கள் தடுக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவர்களில் 2 கோடியே 94 லட்சம் பேர் வி.ஓ.ஐ.பி சந்தாதாரர்கள்.

இந்த அறிக்கையைப் பற்றிப் பேச்சு வந்தால் "அந்த டெக்னீஷியன் வேலை போயிருக்கும்" என்று யாராவது சிரிப்பார்கள். எனக்கு அந்த டெக்னீஷியன் மேல் கோபம் வரவில்லை. காலிக் கட்டத்தோடு 'சேவ்' பட்டனை அழுத்த விட்டவர்தான் குற்றவாளி. ஆனால் நம் கையில் இருக்கிற டயல் பிளான்களிலும் இதே குழி இருக்கிறது. சிஸ்கோவில் ஒரு புள்ளி என்றால் ஏதாவது ஓர் இலக்கம், பெரிய 'டி' என்றால் எத்தனை இலக்கமானாலும். ஆஸ்டரிஸ்க் என்கிற இலவச மென்பொருள் எக்ஸ்சேஞ்சில் அடிக்கோட்டுக்குப் பின் ஒரு புள்ளி என்றால் எதுவானாலும் சரி. அப்படி ஒரு பேட்டர்னை அவசரத்துக்கு எழுதிவிட்டு, பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டவை எத்தனை ஆபீஸ்களில் இன்னும் ஓடுகின்றனவோ. அதில் ஐ.எஸ்.டியும் அடக்கம். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி வெளியாள் எவனோ உள்ளே நுழைந்து, கட்டணம் எகிறும் வெளிநாட்டு எண்களுக்குத் திங்கட்கிழமை காலை வரை கால் போட்டுக்கொண்டே இருப்பான். பில் வரும்போதுதான் தெரியும்.

டோல் ஃபிராடு எனப்படும் இந்தத் திருட்டைத் தடுக்கவே சிஸ்கோ ஐ.ஓ.எஸ் 15.1(2)டி வெர்ஷனில் ஒரு பாதுகாப்பைச் சேர்த்தது. நம்பகமான ஐபி பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து வரும் வி.ஓ.ஐ.பி காலை கேட்வே நிராகரித்துவிடும். டயல் பியரில் எதிர்ப்பக்கமாக எழுதியிருக்கிற முகவரிகள் தானாகப் பட்டியலில் சேரும். மற்றவற்றை நாம் எழுதவேண்டும். நல்ல விஷயம்தான், ஆனால் அது டீஃபால்ட்டாக ஆன். 12.4-லிருந்து அப்கிரேட் செய்துவிட்டு, முன்னும் பின்னும் கான்ஃபிக்கை ஒப்பிட்டால் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. கால் மட்டும் வராது. அப்கிரேடை முடித்துவிட்டு "கான்ஃபிக் அப்படியேதான் இருக்கு" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அந்த ஃபைலைப் படிக்கிற ஆள் மாறிவிட்டார், அவ்வளவுதான்.

எழுதியபோது யாரும் யோசிக்காத வரம்புகள் இன்னொரு ரகம். 2014 ஏப்ரலில், கொலராடோ மாநிலம் எங்கிள்வுட்டில் இருந்த ஒரு மையத்தில், 911 அவசர அழைப்புகளுக்கு வரிசையாக அடையாள எண் கொடுக்கும் மென்பொருள், முன்னமே வைக்கப்பட்டிருந்த உச்ச எண்ணைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் எண் கொடுக்க மறுத்தது. ஏழு மாநிலங்களில், 1.1 கோடி பேருக்குச் சேவை தரும் 81 அவசர உதவி மையங்கள் பாதிக்கப்பட்டன. ஆறு மணி நேரத்துக்குள் 6,600-க்கும் மேற்பட்ட அழைப்புகள் போய்ச் சேரவில்லை. புயல் இல்லை, கேபிள் அறுபடவில்லை, அன்றைக்கு யாரும் எதையும் மாற்றவும் இல்லை. என்றைக்கோ யாரோ 'இது போதும்' என்று வைத்த எண்.

நம்மூருக்கு வருவோம். கேட்வே வேலை பார்த்த எவரிடமும் 2021 ஜனவரி 15 என்று சொல்லிப் பாருங்கள், பொங்கலுக்கு மறுநாள் என்பதோடு இன்னொன்றும் ஞாபகம் வரும். அன்றிலிருந்துதான் லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலுக்குக் கூப்பிட்டாலும் முன்னால் 0 போடவேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை விதி கொண்டுவந்தது. அதற்கு முன் உள்ளூர் சர்க்கிளில் இருக்கிற மொபைலுக்கு பத்து இலக்கத்தை அப்படியே அடிக்கலாம். ட்ராய் பரிந்துரைத்த ஏற்பாடு இது; 250 கோடிக்கும் மேல் புது எண்களுக்கு இடம் கிடைக்கும் என்பது கணக்கு. வீட்டில் லேண்ட்லைன் வைத்திருப்பவருக்கு ஒரு 0 கூடுதல், முடிந்தது. பி.ஆர்.ஐ-யின் பின்னால் உட்கார்ந்திருக்கிற கேட்வேக்கு அப்படி இல்லை. அதுவும் லேண்ட்லைன்தானே. ஃபைலில் ஒரு வரியும் மாறவில்லை, ஆனாலும் கான்ஃபிக் தப்பாகிவிட்டது.

"மொபைல் நம்பர்னா முன்னாடி 0 சேர்க்கணும், அவ்வளவுதானே" என்றுதான் எல்லாரும் ஆரம்பித்தோம். எது மொபைல் நம்பர்? 9-இல் தொடங்குவது என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். பிறகு 8 வந்தது, 7 வந்தது, 6-உம் வந்தது. பழைய கேட்வேக்களைத் திறந்தால், 9-க்கு ஒரு ரூல், அடியில் வேறொருவர் எழுதிய 8-க்கு ஒரு ரூல், 7-க்குத் தனியாக இன்னொன்று என்று பாறை அடுக்குகள் மாதிரித் தெரியும். 6-ஐ யாருமே எழுதியிருக்க மாட்டார்கள். எவருடைய மொபைல் போகவில்லையோ அவருடைய நம்பர் மட்டும் முழுசாக ஒரு வரியில் இருக்கும்.

சரி, 6 முதல் 9 வரை எதில் தொடங்கினாலும் 0 சேர் என்று எழுதினால்? சென்னையில் எட்டு இலக்க லேண்ட்லைன் எண்களிலேயே 6-இலும் 7-இலும் தொடங்குபவை உண்டு. அவற்றின் முன்னால் 0 ஒட்டினால் கால் எங்கேயும் போகாது. ஆகவே பத்து இலக்கம் என்றும் சொல்லவேண்டும். பத்து இலக்கம் என்று சொல்லிவிட்டு, 'இதோடு முடிந்தது' என்று காட்டுகிற டாலர் குறியைக் கடைசியில் போடாமல் விட்டால், மொபைலின் கான்டாக்ட் லிஸ்ட்டிலிருந்து 91-உம் சேர்த்துக் காப்பியடித்த பன்னிரண்டு இலக்க எண்ணும் அந்த ரூலில் விழும். அதுவும் 9-இல்தானே தொடங்குகிறது! முதல் பத்து இலக்கம் பொருந்திவிட்டது என்று முன்னால் 0 சேர்த்து, 091 என்று வெளியே அனுப்பிவிடும். ஒரே ஒரு டாலர் குறி. இருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். பெங்களூரு எண்ணை 0 இல்லாமல் 80 என்று தொடங்கி அடிக்கிறவர்கள் மட்டும் தப்பித்தார்கள். பத்து இலக்கம், 8-இல் தொடக்கம், கேட்வே மொபைல் என்று நினைத்து 0 சேர்க்கும், அது சரியான எஸ்.டி.டி எண் ஆகிவிடும்.

வெளி லைனுக்கு 0 அழுத்துகிற பழக்கம் உள்ள ஆபீஸ்களில் இன்னொரு கூத்து. "ஒரு ஜீரோவா, ரெண்டு ஜீரோவா?" என்று ரிசப்ஷனில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முதல் 0 கேட்வேயில் வெட்டப்படும், இரண்டாவது 0 வெளியே போகவேண்டும், ஆனால் ரூல் ஏற்கெனவே ஒன்று சேர்க்கிறது. மிஸ்டு காலைத் திரும்பக் கூப்பிடுவது தனி வேதனை. உள்ளே வருகிற கால் பல இடங்களில் வெறும் பத்து இலக்கமாகத்தான் தெரியும். ஃபோன் அதை அப்படியே திருப்பி அடிக்கும். முன்னால் வெளி லைன் 0-உம் இல்லை, விதி சொல்லும் 0-உம் இல்லை. அதற்கு உள்வரும் பக்கத்தில் ரூல் எழுதவேண்டும். வெளிப்பக்கத்தையே திருத்திக்கொண்டிருந்தவர்களுக்கு அது தோன்ற சில நாள் ஆனது.

இப்போது பேக்கப் ஃபோல்டருக்குத் திரும்புவோம். பெட்டி ஒரேயடியாகச் செத்துவிட்டது, புதுப்பெட்டி வந்துவிட்டது, புதிதாக வந்தவர் எடுத்து வைத்த டெக்ஸ்ட் ஃபைல் கையில் இருக்கிறது. ஏற்றியாயிற்று. என்னென்ன வராது? எஸ்.ஐ.பி ட்ரங்க்கை டி.எல்.எஸ்ஸில் ஓட்டினால் அதன் பிரைவேட் கீ ரன்னிங் கான்ஃபிக்கில் இருக்காது. சான்றிதழ் தெரியும், சாவி தெரியாது, அது என்.வி.ரேமில் தனி இடத்தில் பூட்டப்பட்டிருக்கும். "வணக்கம், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று சொல்கிற ஒலி ஃபைல் ஃபிளாஷில் இருந்தது. கான்ஃபிக்கில் அதன் பெயர் மட்டும்தான். பெட்டிக்குள் சுவிட்ச் கார்டு இருந்தால் அதன் வி.லேன் பட்டியலும் பல சமயம் தனி ஃபைலில்தான். லைசென்ஸ் பழைய பெட்டியின் சீரியல் எண்ணோடு கட்டப்பட்டிருக்கலாம்.

கான்ஃபிக் ரெஜிஸ்டர் என்று ஒன்றும் இருக்கிறது. அது எந்த ஃபைலிலும் வராது. 'ஷோ வெர்ஷன்' அடித்தால் கடைசி வரியில் தெரியும். வழக்கமாக ஹெக்ஸ் 2102. பாஸ்வேர்டு மறந்துபோன பெட்டியைத் திறக்க அதை 2142 ஆக்குவார்கள். ஸ்டார்ட்டப் கான்ஃபிக்கைப் படிக்காமலேயே எழுந்திரு என்று அர்த்தம். வேலை முடிந்ததும் திரும்ப 2102 ஆக்கவேண்டும். ஆக்காமல் விட்டால், கான்ஃபிக் சேவ் ஆகித்தான் இருக்கும், பேக்கப்பும் இருக்கும், ஆனால் அடுத்த கரண்ட் கட்டில் பெட்டி பிறந்த குழந்தை மாதிரி எழுந்து "இனிஷியல் செட்டப் செய்யலாமா?" என்று கேட்கும்.

இதற்கெல்லாம் நான் சொல்கிற வழி ஆடம்பரமானது கிடையாது. தினமும் ராத்திரி பெட்டிகளுக்குள் லாகின் செய்து கான்ஃபிக்கை இழுத்து, நேற்றையதோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மெயில் போடுகிற கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ரான்சிட் பழசு, ஆக்ஸிடைஸ்டு கொஞ்சம் புதுசு. இரண்டும் 'கிட்' என்கிற வெர்ஷன் களஞ்சியத்தில் சேர்த்து வைக்கும். ஒப்பிடுகிற வேலையைச் செய்யும் 'டிஃப்' என்ற நிரல் 1970-களில் பெல் லேப்ஸில் டக்ளஸ் மெக்கில்ராய் கையில் பிறந்தது. பெல் லேப்ஸ் டெலிஃபோன் கம்பெனியின் ஆய்வகம். நம்ம வீட்டுப் பிள்ளைதான், சுற்றி வந்து திரும்ப வீட்டு வேலையே பார்க்கிறது.

ஆனால் டிஃப் என்ன மாறியது என்றுதான் சொல்லும், ஏன் மாறியது என்று சொல்லாது. ஐ.ஓ.எஸ்ஸில் இதற்கு ஒரு கூடுதல் தொல்லை: ஆச்சரியக்குறி போட்டு நீங்கள் எழுதுகிற குறிப்பை அது தூக்கி எறிந்துவிடும், சேவ் செய்யாது. ஆகவே டயல் பியருக்குள் 'டிஸ்கிரிப்ஷன்' என்று ஒரு வரி கொடுத்திருக்கிறார்கள், அதைப் பயன்படுத்துங்கள். 'மொபைல்' என்று எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. மொபைல் என்பது பேட்டர்னைப் பார்த்தாலே தெரிகிறது. '2021 ஜனவரி விதிக்காக 0 சேர்க்கிறது, உள்வரும் பக்கத்து ரூலோடு சேர்த்தே மாற்று' என்று எழுதினால், ஐந்து வருஷம் கழித்து வருகிற ஆள் உங்களை வாழ்த்துவார்.

ஆஸ்டரிஸ்க்கில் அரைப்புள்ளிக்குப் பின் எவ்வளவு வேண்டுமானாலும் குறிப்பு எழுதலாம், அப்படியே இருக்கும். ஆனால் மேலே ஃப்ரீபி.பி.எக்ஸ் என்கிற வெப் முகப்பு ஓடினால் கதை வேறு. 'எக்ஸ்டென்ஷன்ஸ் அடிஷனல்' ஃபைலில் கை வைக்காதே என்று அதன் தலையிலேயே எழுதியிருக்கும். அதையும் மீறித் திருத்தினால், அடுத்த முறை யாராவது வெப் பக்கத்தில் 'அப்ளை கான்ஃபிக்' அழுத்தும்போது நம் வரி மாயம். நம் கைவேலைக்கென்று 'கஸ்டம்' என்று முடியும் ஃபைல்கள் இருக்கின்றன. சிஸ்கோவில் எம்.ஜி.சி.பி கேட்வே சர்வரிலிருந்து டி.எஃப்.டி.பி வழியாகத் தன் கான்ஃபிக்கை இறக்கிக்கொள்கிற முறையிலும் இதேதான். பெட்டியில் திருத்துவதற்கு முன் இந்த ஃபைலை எழுதுகிற முதலாளி யார் என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

பேக்கப்பில் இருக்கக்கூடாத வரி பற்றியும் ஒரு வார்த்தை. சிஸ்கோவின் 'டைப் 7' பாஸ்வேர்டு பார்க்க மறைத்த மாதிரி இருக்கும். இணையத்தில் ஒட்டினால் ஒரு நொடியில் அவிழ்ந்துவிடும். எஸ்.ஐ.பி ட்ரங்க் பாஸ்வேர்டு அந்த உருவத்தில்தான் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிறது. டி.எஃப்.டி.பி-க்கு லாகினும் கிடையாது, என்கிரிப்ஷனும் கிடையாது. கான்ஃபிக்கை அதன் வழியாக அனுப்பி, எல்லாரும் திறக்கிற ஷேர் ஃபோல்டரில் போட்டு, ஒரு சந்தேகம் கேட்பதற்காக முழு ஃபைலையும் வாட்ஸ்அப் குழுவில் பகிர்கிறார்கள். அப்புறம் வெள்ளிக்கிழமை ராத்திரி வந்தவன் எப்படி வந்தான் என்று விசாரணை வைக்கிறார்கள்.

கடைசியாக, எந்த மாற்றத்துக்குப் பிறகும் 'ஹலோ ஓகே' போதாது. உள்ளூர் எட்டு இலக்க எண் ஒன்று, மொபைல் 0 போட்டும் போடாமலும், 91 சேர்த்த மொபைல், வெளியூர் எஸ்.டி.டி, 1800 டோல் ஃப்ரீ, ஐ.எஸ்.டி அனுமதி உள்ள ஃபோனிலிருந்தும் இல்லாத ஃபோனிலிருந்தும் ஒவ்வொன்று, ஏதாவது ஓர் ஐ.வி.ஆரில் பட்டன் அழுத்திப் பார்ப்பது, வந்த மிஸ்டு காலைத் திரும்ப அழைப்பது. அனலாக் போர்ட்டில் தொங்குகிற லிஃப்ட் ஃபோனை யாரும் சேர்ப்பதில்லை, அதையும் சேருங்கள். 112-ஐ மட்டும் அடித்துப் பார்க்காதீர்கள், அங்கே நிஜமாகவே ஒருவர் எடுப்பார். சிஸ்கோவில் 'ஷோ டயல்பிளான் நம்பர் 112' என்றால் கால் போடாமலேயே அது எந்த டயல் பியரில் விழும் என்று காட்டிவிடும். ஆஸ்டரிஸ்க்கில் 'டயல்பிளான் ஷோ' அதைச் செய்யும். இலக்கத்தைச் சேர்த்து வெட்டுகிற டிரான்ஸ்லேஷன் ரூலுக்கும் தனியாக ஒரு டெஸ்ட் கமாண்ட் இருக்கிறது. ஒரு நம்பரைக் கொடுத்தால் வெளியே எப்படிப் போகும் என்று சொல்லும். 112-ஐ அதிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 0112 என்று வந்தால் உங்கள் ரூலில் இலக்கக் கணக்கு இல்லை.